கனடாப் பால் கோட்டாவை உடைக்கச் சொன்னது நான் இல்லை, அத்தான்

பெயர்லாண்ட் மீனாட்சி அம்மன் துணை

ஸ்ரஃபோர்ட், ரெக்சஸ்
வெள்ளிக்கிழமை காலை

பெருமதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் மகேந்திரராசா பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் ஜெயமலரும் மகள் சயந்தினியும் தேக சுகத்துடன் இருக்கிறோம். அவ்விடம் தாங்களும் அக்காவும், கொட்டிலில் உள்ள பசுக்களும் கன்றுகளும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறோம். ஒன்ராறியோவில் பனி கரைந்து புல் தலைகாட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே ஹூஸ்ரனில் சித்திரை பிறந்ததும் பிறக்காததுமாக வெயில் கூரையில் ஏறிக் குந்திவிட்டது.

நிற்க. சில கிழமைகளாக அக்கா எனது அழைப்பை எடுப்பதில்லை. வட்ஸப்பில் சுகம் கேட்டு அனுப்பினால் நீலக் கோடுகள் விழுகின்றன, பதில் விழுவதில்லை. பிள்ளையார் படம் அனுப்பினேன், அதற்கும் இல்லை. தோசை மா புளிக்கவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டேன். சமையல் சந்தேகத்துக்குப் பதில் சொல்லாமல் அக்கா இருந்ததே கிடையாது. அதற்கும் பதில் இல்லை என்றதும்தான் விஷயம் பாரதூரமானது என்று எனக்கு விளங்கியது. ஆகையால் தங்களுக்கு எழுதுகிறேன். தபாலில் எழுதுவதற்குக் காரணம், பால் கறக்கும் மெஷினோடு வந்த கையேட்டைக்கூட முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்த மனிதர் தாங்கள். நான் எழுதுவதையும் பாதியில் விடமாட்டீர்கள் என்ற நம்பிக்கைதான்.

அக்காவின் கோபத்துக்குக் காரணம் அந்தப் பேப்பர்ப் படம் என்பது எனக்குத் தெரியும். ஸ்காபரோவில் இருக்கும் ஜெயமலரின் சிநேகிதி ஒருத்தி அதை எங்களுக்கே அனுப்பி, "உது உங்கட மனுசன்தானே?" என்று கேட்டிருந்தா. ஸ்காபரோ வரை வந்தது உங்கள் ஊருக்கு வராமலா இருந்திருக்கும். தலையில் கௌபாய் தொப்பி, வலது கை ஓங்கினபடி, பல்லு நெரிச்சபடி நான் நிற்கிறேன். கீழே, "ஹூஸ்ரன் தயிர்க்காரர் முழக்கம்: கனடாவின் பால் மதில் விழவேண்டும்" என்று போட்டிருக்கிறார்கள். அத்தான், அந்தத் தொப்பி என்ர இல்லை. முழக்கமும் என்ர இல்லை. கை மட்டும் என்ர. அந்தக் கை எதுக்கு ஓங்கினது எண்டதைப் பிறகு சொல்லுறன். முதல் எப்பிடி அங்க போய் மாட்டுப்பட்டனான் எண்டதைக் கேளுங்கோ.

எனக்குப் பால் தாற டுவெய்னைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருக்கிறன். ஸ்ரீபன்வில் பக்கம் பண்ணை வைச்சிருக்கிறார். உங்கட வயசுதான் இருக்கும், உங்களை மாதிரியே குறைச்சல் கதை. அவற்றை பால் இல்லாட்டி ஹில்க்ரொஃப்ற் தெரு இந்தியக் கடையளில என்ர தயிரும் இல்லை, பன்னீரும் இல்லை. அந்த மனுசனுக்குக் கொஞ்சக் காலமா முகம் சரியில்லை. மேற்கில, வடக்கில எல்லாம் ஊர் மாதிரிப் பெரிய பண்ணையள் வந்திட்டுது. அவை கறக்கிற பாலில டுவெய்ன் மாதிரி ஆக்கள் மிதந்துகொண்டு போகினம். இந்த மாதம் என்ன விலை வரும் எண்டு தெரியாது, வாற மாதம் பண்ணை இருக்குமோ எண்டும் தெரியாது. இந்த நேரத்திலதான் அவையின்ர பால்காரர் சங்கம் ஒரு கூட்டம் வைச்சது. இந்த வருஷம் கனடாவோட இருக்கிற வியாபார ஒப்பந்தத்தைத் திரும்பப் பார்க்கினம்தானே. அதுக்குள்ள, கனடா தன்ர பால் கதவைத் திறக்கவேணும், பண்ணைக்கு இவ்வளவு பால்தான் எண்டு வைச்சிருக்கிற கோட்டாவை விடவேணும் எண்டு வாஷிங்ரனுக்கு ஒரு தீர்மானம் அனுப்புறதுதான் திட்டம். டுவெய்ன் எனக்கு ஃபோன் எடுத்து, "ராஜா, உன்ர தயிரைக் கொண்டா, பகல் சாப்பாட்டோட வைப்பம், நீயும் ரெண்டு வார்த்தை சொல்லு" எண்டார். பால் தாற மனுசன் கேட்டால் மாட்டன் எண்டு சொல்லேலுமோ?

ஜெயமலர் மாவு குழைச்சுக்கொண்டு நிண்டவள், திரும்பியும் பார்க்காமச் சொன்னாள். "இஞ்சரப்பா, உங்களுக்கு ரெண்டு வார்த்தையோட நிப்பாட்டத் தெரியாது. தயிரை அனுப்புங்கோ, நீங்கள் போகாதேங்கோ."

அதைக் கேட்டிருக்கவேணும்.

சயந்தினிதான் கார் ஓடினவள். ஃப்ரீவேயில ஏறின நேரம் தொடக்கம், "அப்பா, ப்ளீஸ், கீப் இற் ஷோர்ட்" எண்டு சொல்லிக்கொண்டே வந்தாள். நான் பின் சீற்றில தயிர்ப் பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு, "எனக்குத் தெரியும் பிள்ளை" எண்டு சொல்லிக்கொண்டே போனன். வழியில ஐஸ் கரைஞ்சு என்ர நல்ல களுசான் எல்லாம் நனைஞ்சு, அங்க போய் இறங்கேக்க பார்க்கிறவை வேற என்னவோ நினைக்கிற மாதிரி ஆகிப்போச்சு. கூட்டம் நடந்த மண்டபம் மாடு ஏலம் போடுற இடம். மேடைக்குப் பதிலா மாட்டைச் சுத்திக் காட்டுற வளையம்தான் இருந்தது. அதுக்குள்ளதான் மைக் வைச்சிருந்தினம். ஈரக் களுசானை மறைக்கத் தயிர்ச் சட்டியை முன்னால பிடிச்சுக்கொண்டு நிண்டன். அதைப் பார்த்த ஆரோ ஒரு நல்ல மனுசி, பாவம் வெயிலில வந்திட்டான் எண்டு தன்ர புருசன்ர தொப்பியைக் கழட்டி என்ர தலையில வைச்சா. தொப்பி வந்த கதை அதுதான். பேந்து என்ர தயிரை அவை புளிச்ச கிறீம் எண்டு நினைச்சு, சுட்ட உருளைக்கிழங்குக்கு மேல அள்ளி அள்ளிப் போட்டுச் சாப்பிட்டினம். நல்லாயிருக்கு எண்டினம். நானும் தயிர் எண்டு திருத்தப் போகேல்லை.

சங்கத்துக்காகப் பேச வந்தவர் ரிக்ஸ் எண்டு ஒருத்தர். நல்லா இஸ்திரி போட்ட சேட்டு, சப்பாத்தில சாணி படாத ஒரே ஆள் அவர்தான். என்னை வளையத்துக்குள்ள கூட்டிக்கொண்டு போய், "ராஜா எண்டால் அவற்றை பாஷையில கிங். எங்களுக்குக் கிடைச்சிருக்கிற தயிர் கிங் இவர்" எண்டார். சனம் கைதட்டிச்சு. எனக்கும் கொஞ்சம் ஏறிப்போச்சு, மறைக்கேல்லை.

"மிஸ்டர் ராஜா, உங்கட தயிரைக் கனடாவில விக்கேலுமோ?" எண்டு கேட்டார்.

"ஏலாது. எல்லையில போடுற வரி தயிரை விடக் கனம்" எண்டன்.

"கனடாவில உங்களுக்கு ஆரும் இருக்கினமோ?"

"என்ர சொந்த அக்கா இருக்கிறா. அவ தங்கட ஊர்க் கடையில என்ர தயிரை வாங்கேலாது. அது நியாயமில்லை" எண்டன்.

நான் சொன்னது இவ்வளவுதான். இது உண்மையும்தான், நீங்களே ஒத்துக்கொள்ளுவியள். சொல்லி முடிக்கேக்க தயிர்ச் சட்டிக்கு மேல ஒரு இலையான் ஙொய் எண்டு பறந்து வந்து சுத்தினது. மாடு நிக்கிற இடம், எல்லாம் பெரிய பெரிய இலையான். என்ர கடைத் தயிருக்குள்ள அத்தனை பேருக்கு முன்னால இலையான் விழுந்தால் பேந்து ஆர் வாங்குவினம்? பல்லைக் கடிச்சுக்கொண்டு அதைத் துரத்தக் கையை ஓங்கினன். அந்த நேரம் பார்த்து கூட்டத்துக்கு வந்திருந்த பேப்பர்ப் பெடியன் ஒருத்தன் படத்தை எடுத்துப்போட்டு, எடுத்தது போதும் எண்டு இறைச்சி வாங்கிற வரிசைக்குப் போயிட்டான். அதுக்குப் பிறகு நான் பேசினதுக்கு அவன் மண்டபத்திலயே இல்லை. மதில் எண்ட சொல்லோ, விழவேணும் எண்ட சொல்லோ என்ர வாயில வரவே இல்லை அத்தான். விழக்கூடாது எண்டு நான் நினைச்சது இலையான் மட்டும்தான்.

இனித்தான் விஷயம் இருக்கு. ரிக்ஸ் எனக்கு நன்றி சொல்லி அனுப்பப் பார்க்க, டுவெய்ன் எழும்பினார். அவர் கூட்டத்தில எழும்புற ஆளே இல்லை. "ராஜா, உன்ர அக்கா அங்க என்ன செய்யிறா?" எண்டு கேட்டார்.

"பால் பண்ணைதான் வைச்சிருக்கினம்" எண்டன். "அத்தான் போன புதுசில ஒரு வெள்ளைக்காரற்றை கொட்டிலில கூலிக்குக் கறந்தவர். பிறகு ரெண்டு பேருமாச் சேர்ந்து அம்பது மாட்டோட தொடங்கினவை."

"அம்பதோ?" எண்டு பின்னாலை இருந்து ஒருத்தர் கேட்டார். "அம்பது மாட்டோட எப்பிடிச் சீவிக்கினம்?"

அப்ப நான் சொன்னன். ரெண்டு வார்த்தையோட நிப்பாட்டேல்லை, ஜெயமலர் சொன்னது சரிதான். கோட்டா எண்டால் இவ்வளவு பால்தான் அனுப்பலாம் எண்டு ஒரு அளவு, அதுக்கு மேல ஒரு வாளியும் அனுப்பேலாது. அந்த அளவுக்குள்ள அனுப்பினால், மாட்டுக்குத் தீன் போட என்ன செலவாகும் எண்டு பார்த்து நியாயமான விலை வரும். வாற மாதம் என்ன வரும் எண்டு அக்காவுக்கு இண்டைக்கே தெரியும் எண்டன். இறைச்சி வெட்டினவரும் கத்தியை வைச்சிட்டுத் திரும்பினார். எனக்குத் தொப்பி தந்த அந்த மனுசி மெதுவாக் கேட்டா, "வாற மாதத்து விலையை இண்டைக்கே சொல்லுவினமோ?" எண்டு. ஓம் எண்டன். அவ புருசனைத் திரும்பிப் பார்த்தா. அவர் தன்ர வெறுந்தலையைத் தடவிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

நான் ஒருபக்கமாக் கதைக்கேல்லை, அதையும் சொல்லவேணும். கோட்டா சும்மா கிடையாது, வாங்கவேணும், அதுக்கு வாங்கின கடனைக் கட்டியே அத்தானுக்குத் தலை நரைச்சது, இன்னும் ஒரு மாடு கூட்டுறதெண்டாலும் கோட்டா இருந்தால்தான் ஏலும், இளம் ஆக்கள் புதுசா உள்ளுக்கு வாறது சரியான கஷ்டம் எண்டு எல்லாம் சொன்னன். அதுக்கு டுவெய்ன், "கடன் எங்களுக்கும் இருக்கு ராஜா, கோட்டாதான் இல்லை" எண்டார். எல்லாரும் சிரிச்சினம். ரிக்ஸ் சிரிக்கேல்லை. ஒருத்தர், இது கொம்யூனிசம், ரெக்சஸில மாட்டை எண்ணச் சொல்ல ஆருக்கும் உரிமை இல்லை எண்டார். தொப்பி தந்த மனுசி, "உன்ர மாட்டை வங்கி எண்ணுறதுதானே, அது பரவாயில்லையோ" எண்டா. பேந்து ஆள் மாறி ஆள் எழும்பி, கனடாவின்ர கோட்டாவை உடைக்கிறதை விட்டிட்டு எங்களுக்கும் ஒண்டு கேப்பமோ எண்டு கதைக்கத் தொடங்கிட்டினம். ரிக்ஸ் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தார். தீர்மானத்துக்குக் கை உயர்த்தச் சொன்னார். பாதிக் கை உயர்ந்தது, மற்றப் பாதிப் பேர் உருளைக்கிழங்கு பிடிச்சுக்கொண்டு இருந்தினம். கடைசியில தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போட்டினம். ரிக்ஸ் எனக்குக் கை தரேல்லை. நானும் எதிர்பார்க்கேல்லை.

வெளியில காருக்குப் பக்கத்தில நிக்கேக்க டுவெய்ன் வந்தார். வெறும் பெட்டியை ஏத்த உதவி செய்து போட்டு, கதவில சாஞ்சார்.

"நான் உன்ர அக்காவின்ர கதவை உடைக்கத்தான் இண்டைக்கு வந்தனான்" எண்டார். "ஆனால் கதவு திறந்தாலும் அதுக்குள்ளாலை போறது என்ர பால் இல்லை. பெரிய ஆக்களின்ர பால்தான் போகும். படத்துக்கு ஒரு சின்னப் பண்ணைக்காரன்ர முகம் தேவைப்பட்டது, அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டவை."

"இப்ப என்ர முகம் அகப்பட்டிட்டுது" எண்டன். அப்ப எனக்குப் பேப்பரில வரப்போறது தெரியாது, பகிடியாத்தான் சொன்னன்.

"அக்காட்டைச் சொல்லு" எண்டார் டுவெய்ன். "கோட்டாவை விட்டால் திரும்பக் கிடையாது. இஞ்ச ஒருக்கால் போன பண்ணை ஒண்டும் திரும்பி வரேல்லை."

பேப்பர்ப் படம் வந்த பிறகுதான் ஜெயமலரிட்ட எல்லாத்தையும் சொன்னன். அவள் பொறுமையாக் கேட்டுப்போட்டு, "அப்ப உங்களைக் கனடாவுக்கு எதிராப் பேசக் கூப்பிட்டினம், நீங்கள் கனடாவுக்காகப் பேசிப்போட்டு வந்திருக்கிறியள். பேப்பரில மறுவளமா வந்திருக்கு. ரெண்டு நாட்டிலயும் இனி உங்களுக்கு ஆள் இல்லை" எண்டாள். பொய்யெண்டு சொல்லேலாது. ரிக்ஸ்ட ஆக்கள் என்ர தயிரைத் தங்கட அடுத்த சாப்பாட்டுக்கு வேண்டாம் எண்டு அறிவிச்சுப்போட்டினம். அக்கா ஃபோன் எடுக்கிறா இல்லை.

அத்தான், இப்ப நான் எழுத வந்த முக்கியமான விஷயத்துக்கு வாறன். தைப்பொங்கலுக்குக் கதைக்கேக்க நீங்கள் சொன்னது என்ர மனசுக்குள்ளயே கிடக்கு. அமெரிக்கன் நெருக்கிறான், எங்கட அரசாங்கம் விடமாட்டம் எண்டுதான் சொல்லுது, ஆனால் எவ்வளவு காலத்துக்குச் சொல்லும், கதவு திறந்தால் கோட்டா வெறும் கடதாசி, அதுக்கு முதல் விக்கிறதோ, இருந்து பார்க்கிறதோ எண்டு தெரியேல்லை எண்டு சொன்னனீங்கள். அப்ப எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. இப்ப தெரியும். விக்காதேங்கோ. இஞ்ச இருக்கிற ஆக்களின்ர முகத்தை நான் கண்ணால கண்டனான். உங்களிட்ட இருக்கிறதை நினைச்சு அவை ஏங்கினதையும் கண்டனான். அதோட, இன்னொண்டும் சொல்லவேணும். அந்த வளையத்துக்குள்ள நிண்டு, "என்ர அக்காவும் அத்தானும் உயிர் உள்ளமட்டும் அந்தக் கோட்டாவை விடமாட்டினம்" எண்டு சொல்லிப்போட்டன். உங்களைக் கேக்காமல்தான் சொன்னனான். ஆனால் அதுக்குத்தான் அண்டைக்கு மண்டபத்தில ஆகக் கூடின கைதட்டு விழுந்தது. டுவெய்ன் எழும்பி நிண்டே தட்டினவர். அவர் பண்ணையை மூடுறதா இருந்தவர், இந்தக் கோடை மட்டும் பார்ப்பம் எண்டு இருக்கிறார். நீங்கள் வித்துப்போட்டால் நான் அவற்றை முகத்தில எப்பிடி முழிக்கிறது?

ஆகையால், இந்தப் படத்தைப் பார்த்து என்னைத் தப்பாக நினைக்க வேண்டாம் என்றும், அக்காவுக்கும் உள்ளதை உள்ளபடி எடுத்துச் சொல்லி அவவின் கோபத்தைத் தணிக்கும்படியும், கோட்டாவை எக்காரணம் கொண்டும் கைவிட வேண்டாம் என்றும் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் முழங்கால் வலிக்கு ஜெயமலர் ஒரு எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறாள், ஆரும் அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுவோம். சயந்தினி மாமாவுக்கும் மாமிக்கும் தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள், ஆங்கிலத்தில் சொன்னாள். தங்கள் இருவருக்கும் சகல நலமும் மீனாட்சி அம்மன் அருளட்டும். கொட்டில் நிறையப் பால் சுரக்கட்டும்.

இங்ஙனம்,
என்றும் தங்கள் அன்பு மறவாத மைத்துனன்,
க. மகேந்திரராசா

பி.கு: உறையை ஒட்டப் போன நேரம் அக்காவே எனக்கு ஃபோன் எடுத்தா. நான் ஒண்டும் சொல்லமுதலே, "டேய் ராசன், உன்ர பேச்சை நாங்கள் அண்டைக்கே பார்த்திட்டம், சயந்தினிப் பிள்ளை முழுசா வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினவள். பேப்பர்ப் படத்தையும் பார்த்தனாங்கள், அத்தான் அதைக் குளிர்ப்பெட்டிக் கதவில ஒட்டி வைச்சிருக்கிறார்" எண்டா. அப்ப ஏன் இவ்வளவு நாளும் எடுக்கேல்லை எண்டு கேட்டன். நீங்கள் ரெண்டு பேரும் பண்ணையை வித்திட்டியளாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஹெதர், மாடு, கொட்டில், கோட்டா எல்லாத்தையும் அப்பிடியே எடுத்திட்டாளாம். அவள் கனகாலமாக் கேட்டுக்கொண்டு இருந்தவளாம், எல்லையைத் திறந்திடுவினமோ எண்டு பயந்து பின்னுக்கு நிண்டவளாம். அக்காவின்ர குசினியில வைச்சு என்ர வீடியோவைப் பார்த்திட்டு, "ரெக்சஸ்காரரே இதுக்கு இப்பிடி ஏங்கினால் நான் வாங்கத்தான் வேணும்" எண்டு சொல்லிப்போட்டு, அடுத்த நாளே வங்கிக்குப் போனவளாம். "அத்தான் பயந்து விக்கேல்லையடா. எல்லையைத் திறந்தாலும் பூட்டினாலும் அவற்றை முழங்கால் மடங்காது" எண்டு அக்கா சொன்னா. என்ர ஃபோனை எடுக்கவேண்டாம் எண்டு சொன்னதும் நீங்கள்தானாம். விஷயம் தெரிஞ்சால் நான் பிளேன் ஏறி வந்து ஹெதருக்கு முன்னால ரெண்டு வார்த்தை பேசிப்போடுவன், கையெழுத்து விழுமட்டும் எடுக்காதை எண்டு சொன்னனீங்களாம். ஆகவே மேலே எழுதியதில் சுகம் விசாரித்த பகுதியை மட்டும் வாசிக்கவும். கையெழுத்து வைச்ச அடுத்த நாள் காலமை நீங்கள் வழமை போல எழும்பிக் கொட்டிலுக்குப் போக, ஹெதர் ஏற்கெனவே கறந்துகொண்டு நிண்டவளாம். வாசலில கொஞ்ச நேரம் நிண்டிட்டுத் திரும்பி வந்து தேத்தண்ணி கேட்டனீங்கள் எண்டு அக்கா சொன்னா. அத்தான், ஒருக்கா இஞ்சால வெளிக்கிட்டு வாங்கோ, ரெண்டு பேருமா. மாட்டை விட்டிட்டு வரேலாது எண்டு இனிமேல் நீங்கள் சொல்லேலாது. டுவெய்னின்ர பண்ணைக்கும் உங்களைக் கூட்டிக்கொண்டு போறன். நடந்ததை அவருக்கு நீங்களே சொல்லுங்கோ, எனக்கு அந்தத் தைரியம் இல்லை.